சாம்பல் மண்ணில் திராட்சைக் கூடைகள்

கிரேக்க நாட்டின் தலைநகரான ஏதென்சுக்குத் தென்கிழக்கே, ஏஜியன் கடலில் சிதறிக் கிடக்கும் சைக்ளாடீஸ் தீவுகளின் தென்கோடியில் அமைந்துள்ள சந்தோரினி, கடற்காட்சிக்கும் திராட்சை மதுவுக்கும் ஒருசேரப் பெயர் பெற்ற தீவாகும். கிரேக்கர் இதனைத் தீரா என்று வழங்க, தூய ஐரீன் என்னும் கிறித்தவப் புனிதையின் பெயரிலிருந்து பிறந்த சந்தோரினி என்ற பெயரே உலக வழக்கில் நிலைத்துவிட்டது. இங்கு வருவோரில் பலர் மேற்கு விளிம்பின் வெள்ளை வீடுகளையும் அந்திக் கதிரவனையும் கண்டு, படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். ஆனால் கடலை நோக்கித் தாழ்ந்து செல்லும் கிழக்குச் சரிவின் திராட்சைத் தோட்டங்களிலிருந்து தம் உலாவைத் தொடங்கும் பயணிக்கு, இத்தீவில் காண்பதும் உண்பதும் பருகுவதும் யாவும் ஒரே நிகழ்வின் விளைவுகள் என்பது மெல்ல விளங்கும்.

அந்நிகழ்வு, கி.மு. 1600-ஐ ஒட்டிய காலத்தில் நேர்ந்த மாபெரும் எரிமலை வெடிப்பாகும். நிலத்தடியிலிருந்த பாறைக்குழம்பு பெருமளவில் வெளியேறியபின், தாங்குவதற்கு ஏதுமற்ற மேற்பரப்பு உள்ளே சரிந்து உண்டாகும் பெரும்பள்ளத்தைப் புவியியலார் கால்டெரா என்பர். சந்தோரினியின் கால்டெரா ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளமும் 7 கிலோமீட்டர் அகலமும் கொண்டு, கடல் புகுந்து நிரம்பி, 300 மீட்டர் வரை உயர்ந்த செங்குத்துப் பாறைகளால் சூழப்பட்டிருக்கிறது. வெடிப்பில் எஞ்சிய நிலத்தின்மேல் சாம்பலும் நுரைக்கல்லும் தடித்த போர்வையாகப் படிந்தன. நுரைக்கல் என்பது, காற்றுக் குமிழிகள் நிறைந்த நிலையில் உறைந்துபோன, நீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைந்த எரிமலைக் கல்.

மழை குறைந்த இத்தீவில் கொடிகளுக்கு உயிர் தருவது இக்கல்லே. இரவில் கடலிலிருந்து எழும் மூடுபனியின் ஈரத்தை அது உறிஞ்சி வைத்துக்கொண்டு, பகலில் வேர்களுக்குச் சிறுகச் சிறுக வழங்குகிறது. கோடையில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி என்னும் கடுங்காற்று இளந்தளிர்களையும் பிஞ்சுகளையும் சிதைத்துவிடக் கூடியது என்பதால், கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சையைப் பந்தலில் ஏற்றுவதுபோல் இங்கே கொடியை உயர்த்துவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் கவாத்து செய்யும்போது கிளைகளை வட்டமாகச் சுற்றிப் பின்னி, தரையோடு தரையாகக் கூடை போல அமைக்கின்றனர். கூலூரா எனப்படும் இக்கூடைக்குள், காற்றும் கடும் வெயிலும் தாக்காமல் குலைகள் முதிர்கின்றன.

இம்மண்ணுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவிலிருந்து வந்த பில்லொக்செரா என்னும் நுண்ணிய வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்கியதால், அங்குள்ள உழவர் அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் தம் கொடியை ஒட்டுக்கட்டி வளர்க்க வேண்டியதாயிற்று. களிமண் அற்ற எரிமலை மண்ணில் அப்பூச்சி பிழைக்க இயலாமையால், சந்தோரினிக் கொடிகள் இன்றும் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன. அடித்தண்டு முதுமையடைந்து விளைச்சல் குன்றும்போது அதனை வெட்டிவிட்டு, அதே வேரிலிருந்து புதுத்தளிரைக் கிளப்புவதால், தோட்டத்தில் காணும் தண்டைவிட மண்ணுக்கடியில் இருக்கும் வேர் பன்மடங்கு மூத்ததாக இருக்கக்கூடும்.

தோட்டத்தைப் பார்த்தபின் செல்லத்தக்கது கனாவா; நுரைக்கல் அடுக்கைக் குடைந்து அமைத்த மதுக்கூடத்துக்கு உள்ளூரில் வழங்கும் பெயர் அது. அசிர்த்திக்கோ என்னும் வெள்ளைத் திராட்சையிலிருந்து வடிக்கும் மது, வெயில் மிகுந்த நிலத்தில் விளைந்தும் புளிப்புக் குன்றாது, இனிப்பின்றி, மெல்லிய உப்புச் சுவையோடு இருப்பதால், மீனுக்கும் கணவாய்க்கும் பொருந்துகிறது. பழத்தை இரவோடிரவாகப் பிழிந்த பழைய வழக்கத்தால் பெயர்பெற்றது நிக்தேரி. குலைகளை ஏறத்தாழ இரண்டு வாரம் வெயிலில் உலர்த்திப் பிழிந்து, ஓக் மரப்பீப்பாயில் இரண்டாண்டுக்குக் குறையாமல் முதிர வைப்பது வின்சாந்தோ என்னும் இனிப்பு மது. மது அருந்தாதோரும் வொத்தோனாஸ் ஊரிலுள்ள நிலத்தடி மது அருங்காட்சியகத்தில், 300 மீட்டர் நீளக் குகைவழியே நடந்து இத்தொழிலின் வரலாற்றைக் காணலாம். சுவைத்துப் பார்க்க எண்ணுவோர் வாகனம் ஓட்டாது, தலைமை ஊரான பிராவிலிருந்து புறப்படும் பேருந்துகளை நாடுவதே முறை.

அடுத்து, தீவின் தென்பகுதியிலுள்ள அக்ரோத்திரி. 1860-களில் சூயஸ் கால்வாய்ப் பணிக்கான காரை செய்ய இத்தீவின் சாம்பலை வெட்டி எடுத்தபோதே பழங்குடியிருப்புகளின் சுவடுகள் வெளிப்பட்டன. முறையான அகழாய்வை 1967-இல் ஸ்பிரிடோன் மரினாத்தோஸ் தொடங்கினார். மாடி வீடுகளும் கழிவுநீர் வழிகளும் தானியத் தாழிகளும் கிடைத்த அந்நகரில் மனித எலும்புக்கூடுகள் கிடைக்காததால், வெடிப்புக்கு முன்னரே மக்கள் ஊரைவிட்டு அகன்றனர் எனக் கருதப்படுகிறது. பிரா நகரிலுள்ள, வரலாற்றுக்கு முந்தைய தீராவுக்கான அருங்காட்சியகத்தில் உள்ள அக்ரோத்திரிச் சுவரோவியம் ஒன்றில் நீலநிறக் குரங்குகள் தீட்டப்பட்டுள்ளன. அவை இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்த, முசு எனப்படும் சாம்பல் நிற மந்திகள் என ஆய்வாளர் சிலர் அண்மையில் கருத்துரைத்துள்ளனர்.

நடக்க விரும்புவோர்க்கு, பிராவிலிருந்து வடகோடியிலுள்ள ஓயா வரை கால்டெரா விளிம்பை ஒட்டி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளும் பாதை உண்டு. இளவேனிலிலும் இலையுதிர் தொடக்கத்திலும் காலையிலேயே புறப்பட்டால் மூன்று நான்கு மணி நேரத்தில் அதனைக் கடந்துவிடலாம். படகேறி, பள்ளத்தின் நடுவே பிற்காலத்தில் எழுந்த நேயா கமேனி என்னும் கரிய தீவில் இறங்குவோர், 1950-இல் கடைசியாகச் சீறிய எரிமலையின் வாயருகே நிற்கின்றனர். காமாரி, பெரிஸா கடற்கரைகளின் கறுத்த மணலும் எரிமலையின் கொடையே.

உணவும் அவ்வாறே. நீர் பாய்ச்சாது விளையும் சிறு தக்காளியும், வெண்கத்தரியும், ஃபாவா என்னும் மஞ்சள் பருப்பும் இம்மண்ணுக்கு உரியவை. வேகவைத்துக் கடைந்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் சேர்த்துப் பரிமாறும் ஃபாவா, பருப்புக் கடைசலில் பழகிய தமிழ் நாவுக்கு அயலாகத் தோன்றாது.

எனினும், விளிம்பின் காட்சி ஈட்டித் தரும் பணத்தோடு சரிவின் கொடி போட்டியிட இயலாத நிலையே இன்று நிலவுகிறது. கூடைகள் இருந்த நிலங்களில் விடுதிகள் எழ, தோட்டப் பரப்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஓராண்டில் கட்டி முடிக்கக்கூடிய விடுதிக்காகப் பிடுங்கப்படும் வேர், பல தலைமுறைகளின் கவாத்துக் கத்திகளைக் கண்டதாக இருக்கலாம். ஆகவே அந்தி நேரத்துக்கு முன் அரைநாளைத் தோட்டத்துக்கும் கனாவாவுக்கும் ஒதுக்கி, அவ்வூர் உழவரின் விளைச்சலைக் காசு கொடுத்து வாங்கும் பயணி, தன் உலாவை நிறைவாக்கிக்கொள்வதோடு, அடுத்த குளிர்காலத்திலும் ஒருவர் அக்கொடியருகே குனிந்து கூடை பின்னுவதற்குக் காரணமாகிறார்.