பழவேற்காடு தேய்ந்ததும் சென்னை வளர்ந்ததும்

(பழவேற்காடு ஏரிக்கரையில் மீனவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று காலை மீன் ஏலம் போடும் இடத்தில் சற்று நேரம் நின்றேன். கூடையில் இறால் துள்ளிக் கொண்டிருந்தது. ஏலம் எடுத்தவர் அதை ஐஸ் பெட்டியில் கொட்டி வண்டியில் ஏற்றினார். பிடித்த தோழரோ அரிசி வாங்கக் கடைக்குப் போனார். வியாபாரம் என்பதே இந்த இரண்டு நடைதான். இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மீன் பிடிப்பவர் ஏன் நெல் விளைவிக்கவில்லை? “அவரவருக்குத் தெரிந்த தொழில்” என்பீர்கள். அது பாதிதான் சரி. 1817-ல் டேவிட் ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயர் இன்னும் ஒரு படி மேலே போனார். பங்கு மார்க்கெட்டில் பணம் சேர்த்தவர்தான். ஆனால் உழைப்பை வைத்துக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். ஒருவன் இரண்டு வேலையிலும் கெட்டிக்காரனாயிருந்தாலும், இரண்டையும் தானே செய்வது அவனுக்கு நஷ்டம் என்று காட்டினார். அவர் சீமைத் துணியையும் போர்ச்சுகல் மதுவையும் உதாரணம் சொன்னார். நமக்கு மீனும் நெல்லும் போதும்.

குப்பத்துத் தோழர் ஒருவர் ஒரு நாள் உழைப்பில் 10 கிலோ மீன் பிடிப்பார். வயலில் இறங்கினால் 10 கிலோ நெல் எடுப்பார் என்று வைத்துக் கொள்வோம். பொன்னேரிப் பக்கத்து விவசாயி ஒரு நாளில் 8 கிலோ நெல் எடுப்பார். வலை வீசினால் 2 கிலோ மீன்தான் கிடைக்கும். (இவை கணக்குக்காகச் சொல்லும் எண்கள்.) இரண்டிலும் குப்பத்தார் கை ஓங்கியிருக்கிறது. ஆனாலும் பாருங்கள்: அவர் ஒரு கிலோ நெல் எடுக்க ஒரு கிலோ மீனை இழக்கிறார். விவசாயி ஒரு கிலோ மீன் பிடிக்க 4 கிலோ நெல்லை இழக்கிறார். ஒரு கிலோ மீனுக்கு 2 கிலோ நெல் என்று மாற்றிக் கொண்டால், குப்பத்தாருக்கு அரை நாளிலேயே 10 கிலோ நெல் கிடைக்கும். விவசாயிக்கு ஒரு நாள் நெல்லுக்கு 2 கிலோ மீன் அல்ல, 4 கிலோ மீன் கிடைக்கும். இருவருக்கும் ஆதாயம். இதுதான் ஒப்பீட்டு அனுகூலம்.

இங்கேதான் ஒரு சூட்சுமம். ஒரு கிலோ மீனின் விலை 1 கிலோ நெல்லுக்கும் 4 கிலோ நெல்லுக்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். எங்கே நிற்கும்? குப்பத்துக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு வண்டி இருக்கிறது. வண்டிக்காரரின் உழைப்புக்கும் ஐஸுக்கும் கூலி உண்டு, அது நியாயம். ஆனால் வண்டியையும் ஐஸையும் கையில் வைத்திருக்கும் முதலாளி, மீனை 1-க்கு வாங்கி 4-க்கு விற்றால், பிடித்தவருக்கும் விளைவித்தவருக்கும் வியாபாரத்தால் ஒரு காசு லாபமில்லை. முன்பணம் கொடுத்துப் பிடிப்பை முன்னமே கட்டிப் போட்டிருந்தால் பேரம் பேசவும் வழியில்லை. மீனோ காத்திருக்காது, அழுகிவிடும்! ஐஸ் இல்லாத காலத்தில் உப்பிட்டுக் காயவைத்த கருவாடுதான் தூர ஊருக்குப் போயிற்று. விலை கூடிய பண்டம் தூரத்தைத் தாங்கும். அதனால்தான் இந்த ஏரி நண்டு உயிரோடு சிங்கப்பூர் போகிறது; சில்லறை மீன் பொன்னேரியைத் தாண்டுவதில்லை.

இந்த ஊரே ஒரு காலத்தில் பெரிய பட்டினம். டச்சுக்காரர் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையை இங்கே கட்டினார்கள். ஏன் இங்கே? படகுகளுக்கு ஏரி அடைக்கலம் தந்தது. பின்னால் நெசவு கிராமங்கள், சாயவேர்ச் சிவப்பு. கிழக்கே தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்தன. அந்தத் தீவு மக்கள் விரும்பிக் கேட்டது நம் துணியை. மலாய் நாட்டில் லுங்கிக்கு இன்றும் ‘காயின் பெலிகாட்’ என்றுதான் பெயர். பழவேற்காட்டின் பெயர்தான் அது! துணிக்கு ஜாதிக்காய்: ரிக்கார்டோ சொன்ன கணக்குத்தான். ஆனால் விலையை நிர்ணயித்தது யார்? 1621-ல் டச்சுக் கம்பெனி பாண்டா தீவு மக்களைக் கொன்றும் நாடு கடத்தியும் தோட்டங்களைப் பிடித்துக் கொண்டது. இந்தக் கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைச் சரக்காகக் கப்பலேற்றியது.

பிறகு சென்னை. 1639-ல் ஆங்கிலேயர் அந்த இடத்தைப் பெற்றபோது அங்கே துறைமுகமே கிடையாது. கப்பல் அலைக்கு வெளியே நிற்கும்; மசூலாப் படகில்தான் சரக்கு கரை சேரும். இயற்கை அனுகூலம் பழவேற்காட்டுக்குத்தான்! ஆனாலும் ஆங்கிலக் கம்பெனி நெசவாளரைக் கொண்டுபோய்க் குடியேற்றியது. 1734-ல் எழுந்த சிந்தாதிரிப்பேட்டை அப்படி வந்ததே. 1806-ல் எண்ணூர் வரை கால்வாய் வெட்டினார்கள். பின்னால் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்று நீண்டது அதுதான். ஸ்ரீஹரிகோட்டா விறகும், உப்பும், நெல்லும் படகில் நகரம் போயின. கனத்த சரக்கு கட்டை வண்டியில் போனால் வண்டிக் கூலியே விலையைத் தின்றுவிடும். தண்ணீரில் இழுத்தால் கூலி குறைவு. நகரத்தைச் சுற்றி எது எங்கே விளையும் என்பதைக் கூலிச் செலவுதான் தீர்மானிக்கிறது என்று வான் தூனன் என்ற ஜெர்மானியப் பண்ணையார் 1826-லேயே எழுதினார். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடிற்று. வடக்கே போன ரயிலும் பொன்னேரி வழியே போய்விட்டது. பழவேற்காட்டை எட்டிப் பார்க்கவில்லை. ரயில் வந்த இடத்தில் ஆலை, ஆலை வந்த இடத்தில் தொழிலாளர், தொழிலாளர் வந்த இடத்தில் சந்தை. பெரம்பூரில் 1996 வரை பின்னி ஆலையின் சங்கு ஊதியது இப்படித்தான்.

இப்போது பெரிய கப்பல்கள் நம் வாசலுக்கே வந்திருக்கின்றன: எண்ணூரில் 2001-லிருந்து, அதற்குப் பின் காட்டுப்பள்ளியிலும். இறால் குஞ்சு கடலிலிருந்து முகத்துவாரம் வழியாகத்தான் ஏரிக்குள் வரவேண்டும். மணல் மூடினால் குஞ்சு வராது. நமக்குள்ள ஒப்பீட்டு அனுகூலம் அந்த வாயில் இருக்கிறது. துறைமுகத்துக்கு அடி ஆழம் வேண்டுமென்றால் உடனே தூர்வாருகிறார்கள்; இந்த வாய்க்கு நாம் மனு எழுதுகிறோம்.

தண்ணீரில் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்று பாடு முறை வைத்து நடத்தத் தெரிந்தவர்கள் நீங்கள். (அந்தப் பாட்டில் இடமில்லாமல், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் தோழர்களும் இந்த ஏரியில் உண்டு. அதை ஒரு நாள் தனியாகப் பேச வேண்டும்.) கரைக்கு வந்த பிறகு பாடு கிடையாது, ஐஸ் வைத்திருப்பவர் சொன்னதுதான் விலை.

அடுத்த வகுப்புக்கு வரும்போது மூன்று விலை எழுதி வாருங்கள்: இங்கே ஏலத்தில் இறால் என்ன விலை, சென்னை மார்க்கெட்டில் அதே நாள் என்ன விலை, ஒரு பெட்டி ஐஸுக்கும் வண்டிக்கும் என்ன செலவு. பொன்னேரித் தோழர்கள் நெல்லுக்கும் அப்படியே எழுதி வாருங்கள். கரும்பலகையில் போட்டுக் கழித்துப் பார்ப்போம்.