சொந்தப் பேரில் ஒரு பாஸ்புக்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. "சிங்கப்பூர் போய் வந்தவ நீ, போகப் போறவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லு"ன்னு தலைவி சொன்னாங்க. இந்த வருஷம் நம்ம குழுக்கள்ல இருந்து மூணு பேர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புறாங்க. அவங்களுக்காகத்தான் பேசுறேன்.

நான் 2014-ல் வீட்டு வேலைக்குப் போனேன். முதல் சில மாதச் சம்பளம் ஏஜென்ட் கடனுக்கே போனது. அப்புறம் வீட்டுக்கார மேடம், "உன் பணம் என்கிட்ட பத்திரமா இருக்கட்டும், ஊருக்குப் போறப்ப மொத்தமா வாங்கிக்கோ"ன்னாங்க. மாசா மாசம் ஒரு நோட்டில் கையெழுத்துப் போடுவேன். அதில் என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியாது. ரெண்டு வருஷ ஒப்பந்தம் முடிஞ்சு கணக்குப் பார்த்தா, ரெண்டு மாதச் சம்பளம் குறையுது. நோட்டில் இருப்பது என் கையெழுத்து. யாரிடம் போய்ச் சொல்வது? போனது போனதுதான்.

அடுத்த வீட்டில் கேட்டு வாங்கி என் பேரில் கணக்குத் தொடங்கினேன். பாஸ்போர்ட்டும் வேலை அனுமதி அட்டையும்தான் முக்கியமாகக் கேட்டாங்க. இப்போது அங்கே சட்டமே இருக்கு. 2019 முதல், வீட்டு வேலை செய்யும் பெண் கேட்டால் சம்பளத்தை வங்கியில்தான் போடணும். அவள் பணத்தை முதலாளி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. துபாய் பக்கம் கம்பெனி வேலைக்குப் போறவங்களுக்கு 2009-லிருந்தே சம்பளம் வங்கி வழியாகவோ எக்ஸ்சேஞ்ச் வழியாகவோ வரும் முறை இருக்கு. ஆனால் ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் சூப்பர்வைசர் கையில் இருந்தால் அந்த முறையால் என்ன லாபம்? கார்டு உங்க கையில இருக்கணும்.

அங்கே சரி பண்ணிட்டேன், இங்கே ஏமாந்துட்டேன். பணத்தையெல்லாம் வீட்டுக்காரர் கணக்குக்கு அனுப்பினேன். அவர் கெட்டவர் இல்லை. கொழுந்தனார் கல்யாணம், நாத்தனார் சீர், கைமாத்துன்னு கேட்டவங்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கார். 2018-ல் லீவில் வந்து பாஸ்புக்கைப் பார்த்தேன். மூவாயிரத்துச் சொச்சம் இருந்தது. மகள் அப்போ பிளஸ் டூ முடிச்சிருந்தா. காலேஜ் பீஸ் கட்ட நம்ம குழுவில்தான் உள்கடன் வாங்கினேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கமில்லை. நம்ம குழுவில் ஐநூறு ரூபாய் எடுக்கணும்னாலும் தீர்மானம் எழுதி, ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டு, கூட்டத்தில் வரவு செலவைப் படிக்கிறோம். என் நாலு வருஷ உழைப்பை யாரும் எனக்குப் படிச்சுக் காட்டவே இல்லையே!

மறுநாளே வங்கிக்குப் போனேன். அங்கே தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், குறிச்சுக்குங்க.

வேலைக்காக வெளிநாடு போறவங்க, இங்கே இருக்கும் சாதா சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி என்.ஆர்.ஓ. கணக்கா மாத்தணும். ஊரில் வரும் வாடகை, குத்தகைப் பணம் அதில் சேரும். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரி கிடையாது. கணவரையோ மகளையோ கூட்டாகச் சேர்க்கலாம். ஆனால் நாம இருக்கிற வரைக்கும், நாம எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்துத்தான் அவங்க பணம் எடுக்க முடியும். வாரிசு நியமனம் மறக்காதீங்க.

பணம் அனுப்பும்போது "கட்டணம் இல்லை" என்ற போர்டை மட்டும் பார்க்காதீங்க. டாலருக்கு எத்தனை ரூபாய் தர்றாங்கன்னு ரெண்டு மூணு இடத்தில் கேளுங்க. கட்டணத்தை விட்டுட்டு ரேட்டில் எடுத்துக்குவாங்க. உண்டியலில் அனுப்பினா ரெண்டு காசு கூட வரும்னு சொல்வாங்க. அது சட்டவிரோதம், பணம் வரலைன்னா கேட்க ரசீதும் இருக்காது. 2023 முதல் சிங்கப்பூரிலிருந்து சில வங்கிகள் வழியா போனிலேயே யு.பி.ஐ.க்கு அனுப்பலாம்.

வங்கியில் கொடுத்திருக்கும் சிம் கார்டை உயிரோட வைங்க. ரீசார்ஜ் பண்ணாம நம்பர் போயிட்டா ஓ.டி.பி. வராது. அங்கே உங்க கணக்கையோ சிம்மையோ, ஊர்க்காரரே கேட்டாலும் இரவல் கொடுக்காதீங்க. அதில் தப்பான பணம் வந்தா போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். வேலை முடிஞ்சு கிளம்பும்போது கார்டுக் கடன் எதுவும் மீதி வைக்காம கணக்கை முடிங்க. ஊர் திரும்பியதும் இங்குள்ள வங்கியிலும் சொல்லிடுங்க.

2018-க்குப் பிறகு வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை வீட்டுக்காரருக்கு அனுப்பினேன், மிச்சம் என் பேரில். முதலில் அவருக்கு வருத்தம்தான். ஆறு மாசம் பேச்சே சரியில்லை. மகள் பட்டம் வாங்கின அன்னைக்கு அவரே அந்தப் பாஸ்புக்கை எடுத்து அவ கையில கொடுத்தார்.

கடைசியா ஒரு வேண்டுகோள். உறுப்பினர் யார் வெளிநாடு கிளம்பினாலும், டிக்கெட் போடுவதற்கு முன்னால அவங்க பேரில் கணக்கு இருக்கான்னு குழுக் கூட்டத்தில் கேளுங்க. இல்லைன்னா ஊக்குநர் கூடவே போய்த் தொடங்கிக் கொடுக்கட்டும். இதை இன்னைக்கே தீர்மானமா எழுதினா, முதல் கையெழுத்து நான் போடுறேன்.