மூட்டு அறுவை சிகிச்சை எப்போது?



எலும்பு சிகிச்சைப் பிரிவில் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். "முழங்கால் வலி தாங்க முடியவில்லை, ஆப்பரேஷன் செய்துகொள்ளலாமா, இன்னும் பொறுக்கலாமா?" என்று சுங்கை வேயில் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களும், 1970களில் இங்கு எழுந்த தொழிற்சாலைகளில் நாள் முழுதும் நின்று உழைத்தவர்களும் அவர்களுள் உண்டு.

சிலர் வயதாகிவிட்டதே என்று தயங்குகிறார்கள். இந்தியப் பிரதமராக இருந்த வாஜ்பாய் அவர்கள், 2000 அக்டோபரில், தமது 75ஆம் வயதில், மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்காலுக்குச் செயற்கை மூட்டு பொருத்திக்கொண்டார். வலது காலுக்கு 2001 ஜூனில் நடந்தது. அதன் பின்னும் 2004 வரை பிரதமராகப் பணியாற்றினார். ஆகவே, வயது மட்டுமே தடையாகாது.

எக்ஸ்ரே படம் மட்டும் முடிவு சொல்லிவிடாது. மூட்டுத் தேய்ந்தும் நன்றாக நடப்பவர்கள் உண்டு. உங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். வலி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறதா? கடைக்கும் கோயிலுக்கும் நடந்து செல்வது குறைந்துவிட்டதா? தொடைத் தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து ஆகியவற்றைச் சில மாதங்கள் முறையாகக் கடைப்பிடித்தும் பலன் இல்லையா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், நிபுணரிடம் அறுவை சிகிச்சை பற்றிப் பேசும் காலம் வந்துவிட்டது.

அவசரமும் ஆகாது, அளவு மீறிய தாமதமும் ஆகாது. செயற்கை முழங்கால்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 82, 25 ஆண்டுகள் நீடிப்பதாக 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. இளவயதில் செய்துகொண்டால் மறுமுறையும் செய்ய நேரலாம்; அது முதல் அறுவையைவிடக் கடினமானது. மூட்டு இறுகித் தசை மெலியும்வரை காத்திருந்தாலோ, பிறகு கால் நன்கு மடங்காமல் போகலாம்.

பத்துப் பேரில் ஓரிருவருக்கு அறுவைக்குப் பிறகும் வலி தொடர்கிறது. தரையில் சம்மணமிட்டு அமர்வதும் சிரமமாகலாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே கட்டுப்படுத்த வேண்டும். இல்லையேல் கிருமித்தொற்று அபாயம் கூடும்.

கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் துணைக்கு ஆளில்லை, பயிற்சிக்குப் போய்வர வாகனமில்லை என்பதற்காகவே சிகிச்சையைத் தள்ளிப்போடும் முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அறுவைக்குப் பிந்திய முதல் ஆறு வாரங்களுக்கு அவர்களுக்குத் துணையும் போக்குவரத்தும் கிடைக்கச் செய்வதும் அறப்பணியே.

பத்துமலையின் 272 படிகளையும் ஏற இயலாதவர்கள் அடிவாரத்தில் நின்று வணங்கினாலும் முருகன் ஏற்பான். ஆனால் வீட்டு வாசற்படி இறங்கவே அஞ்சும் நிலை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

எல்லோரும் நலமுடன் வாழ இறைவன் அருள்புரிவானாக.