கைப்பேசிச் சூதும் நம் கணக்கும்
(பொம்மையார்பாளையத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சூதைக் கடிந்து வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அக்காலத்தார் சூதாடக் கழகம் தேடிச் சென்றனர். இன்று போக்கரும் ரம்மியும் கைப்பேசிவழி நம் திண்ணைக்கே வந்தன. சென்னை உயர்நீதிமன்றம் 2023-ல் இவ்விரண்டையும் திறமை விளையாட்டென்றது. 2025-ல் மத்திய சட்டமோ, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், பணம் வைத்தாடும் இணைய ஆட்டமனைத்தையும் தடுத்தது.

சட்டம் வாயிலை அடைக்கும். மனத்தை அடக்குவது நம் பொறுப்பு. மரக்காணத்து உப்பளத்தில் மழை பெய்து உப்புக் கரைந்தால், வெயிலுக்குப் பொறுத்திருக்கிறோம். சூதில் இழந்ததையோ, அன்றிரவே மீட்க நம்மில் சிலர் இருமடங்கு பந்தயம் வைக்கின்றனர். வென்ற நாளைப் பலருக்குச் சொல்லித் தோற்ற நாளை மறைக்கின்றனர்.

ஆதலின், இதுகாறும் வைத்ததையும் வந்ததையும் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதி வீட்டாரிடம் காட்டுவோமாக. காட்ட நாணும் கணக்காயின், அவ்வாட்டத்தை அன்றே விடுதல் நம் குடும்பங்களுக்கு நாம் செய்யும் கைங்கரியமாகும்.