குழி வெட்டியவர் பெயர் எந்தப் பதிவேட்டில்?



2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லப்பாக்கம், பெருங்களத்தூர் போன்ற பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகள். வரி, குடிநீர், குப்பை எல்லாவற்றுக்கும் பதிவேடுகள் மாறின. நான் கேட்பது ஒரே ஒரு பதிவேட்டை: இந்த 70 வார்டுகளில் பிணத்தை எரிப்பவர், குழி வெட்டுபவர் யார் யார்?

அரசுக்கு இவர்களை எழுதத் தெரியாது என்று நினைக்காதீர்கள். 1895ஆம் ஆண்டின் மதராஸ் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் மணியக்காரர், கணக்குப்பிள்ளையோடு வெட்டியையும் எழுதி வைத்தது. எப்படி? அப்பனுக்குப் பிறகு மகன். வாரிசு முறையில் பதவி கொடுக்கும் அதன் 6ஆம் பிரிவு, பிறப்பால் பாகுபாடு காட்டுகிறது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1960 டிசம்பர் வரை ஆனது. அந்த வழக்கைக் கொண்டுபோனதும் வெட்டி அல்ல, முன்சீப் பதவிக்கு மோதிக்கொண்டவர்கள்!

1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் குழிவெட்டுபவருக்கு உரிமம் என்றே ஒரு பிரிவு இருந்தது. உரிமம் இல்லாமல் அந்த வேலையைச் செய்யக்கூடாது. கவனியுங்கள், உரிமம் என்பது சம்பளம் அல்ல. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 10ஆம் பிரிவில், சுடுகாட்டின் காப்பாளரும், உள்ளாட்சி அங்கே இருக்கச் சொன்னவரும் தமக்குத் தெரிந்த இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆக, கடமை என்று வந்தால் அவர் சட்டத்தில் இருக்கிறார்.

புறநகர் மயானம் ஒன்றில் உறவினர் ஒருவரை எரித்துவிட்டு ரசீது வாங்கினேன். இறந்தவர் பெயர், வயது, முகவரி, நேரம் எல்லாம் இருந்தன. அந்த ரசீதை வைத்துத்தான் சான்றிதழ், சான்றிதழை வைத்துத்தான் வங்கி, காப்பீடு, பட்டா மாற்றம். உலையைத் தள்ளிய அண்ணனின் பெயருக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. "சம்பளம் யாருண்ணே தர்றாங்க?" என்றேன். "காண்ட்ராக்ட்டு தம்பி. மிச்சம் நீங்க குடுக்கறதுதான்" என்றார். கட்டணம் இல்லை என்ற பலகைக்குக் கீழே நின்றுதான் பேசினோம்.

அப்படியானால் உரிமம் கொடுங்கள், அடையாள அட்டை கொடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பயம் இருக்கிறது. வேலையும் ஊதியமும் இல்லாத அட்டை, 1895இன் பட்டியலை பிளாஸ்டிக்கில் அச்சடித்ததாகத்தான் முடியும். அதே தெரு, அதே குடும்பம், இப்போது முத்திரையோடு. வேண்டியது பணியாளர் பதிவேடு: பணியில் சேர்ந்த நாள், ஊதியம், வருங்கால வைப்பு நிதி எண். அந்தப் பணிக்கு எந்தச் சாதிக்காரரும் விண்ணப்பிக்கும்படி விளம்பரம் வர வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் தகவல் உரிமை மனு இருக்கும். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். மூன்று கேள்விகள்தான். ஒவ்வொரு மயானத்திலும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? அவர்களுக்கு ஊதியம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது? கடைசியாக எந்த ஆண்டு, எந்த முறையில் அந்தப் பணிக்கு ஆள் எடுத்தார்கள்? உங்கள் வார்டு எண்ணை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போடுங்கள்.