கழித்துப் போட்டவற்றில் கண்டெடுப்பது



இந்தக் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "உடம்புக்குள் வைக்கிற கருவி, தொடக்ககாலக் கணினி ஓவியம், இ-சிகரெட் விளம்பரம்... இதென்ன ஐயா, அவியலா?" கேரள எல்லையோரப் பாறசாலையில் நின்றுகொண்டு அவியலைக் குறையாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அவர் கேள்வி நியாயமானது. இந்த மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்ததற்கு நான் காணும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று துறைக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: பிறர் கழித்துப் போட்டது. உடலிலிருந்து கழற்றிய உலோகம், யாரும் திறக்காத பழைய பிளாப்பி, கிழித்தெறிந்த விளம்பரத் தாள். இவற்றை எடுத்து வைக்க ஆள் இல்லையென்றால் இங்கே வாசிக்கப்படும் கட்டுரைகளில் பாதி எழுதப்பட்டிருக்காது.

இப்படிப் பல வழி நடப்பது இந்தப் பக்கத்தில் முன்பே இருந்தது. காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி சோமர்வெல்லின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேயக் குழுவில் ஒருவர் அவர். அந்தப் பயணம் முடிந்து தெற்கே வந்தவர், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே அறுவை மருத்துவராகத் தங்கிவிட்டார். இமயத்தை ஏராளமாக வரைந்த ஓவியரும்கூட. அதே நெய்யூரில் பணியாற்றிய ஐ. எம். ஓர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் லான்செட் இதழில் எழுதினார். வெற்றிலையோடு சேரும் யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெருஞ்சந்தையாக இருந்த காலம் அது. அறுவை, ஓவியம், புகையிலை மூன்றையும் ஒரே மருத்துவமனை பார்த்துவிட்டது. நம் அழைப்பிதழ்தான் சற்றுத் தாமதம்.

முதல் அமர்வு கருவிகள் பற்றியது. இதில் நமக்கு அண்டை வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போன ஏழை நோயாளிகளுக்கு வெளிநாட்டு வால்வு எட்டாத விலையில் இருந்தபோது, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் எம். எஸ். வலியத்தானும் பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வரும் பூஜப்புரை அரண்மனைக் கட்டடத்தில் இயங்கிய தொழில்நுட்பப் பிரிவும் சேர்ந்து ஒரு வால்வைச் செய்ய முனைந்தார்கள். முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. செயற்கை நீலக்கல்லில் வட்டு செய்து பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. நான்காவது வடிவம் நின்றது: பற்றவைப்பே இல்லாமல் ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த சட்டம், அதற்குள் சாய்ந்து திறக்கும் பாலிஎத்திலீன் வட்டு. செம்மறியாடுகளில் சோதித்தபின், 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதன்முதலாக மனித இதயத்தில் வைத்தார்கள். டி.டி.கே. சித்ரா என்ற பெயரில் இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெஞ்சில் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு வால்வு ஆண்டுக்கு மூன்றரைக் கோடி முறைக்கு மேல் திறந்து மூடவேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், தோற்ற மூன்றின் மதிப்பு புரியும். எந்த இடத்தில் தேய்ந்தது, எங்கே விரிசல் விட்டது என்று உடைந்த துண்டுகளை வைத்துக்கொண்டு பேசியவர்கள் அவர்கள்.

பற்றவைப்பு இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1979 முதல் 1986 வரை உலகெங்கும் ஏறக்குறைய 86,000 பேருக்கு வைக்கப்பட்ட பியோர்க்-ஷைலி குவிகுழி வால்வில், பற்றவைத்த சிறு கம்பி முறிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். முறிந்த கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இல்லாவிட்டால், அந்தச் சாவுகள் இதயக் கோளாறு என்ற கணக்கில் அடங்கிப் போயிருக்கும்.

நம் நாட்டு இடுப்பு மூட்டு விவகாரமும் கணக்கில்தான் தவறியது. ஜான்சன் அண்டு ஜான்சனின் டிபியூ ஏ.எஸ்.ஆர். மூட்டு 2010இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகள் நடந்திருந்தன. மத்திய அரசின் குழு பின்னால் தேடியபோது நோயாளிகளில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மருத்துவக் கருவிகளால் நேரும் பாதிப்புகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2015இல்தான் தொடங்கியது. ஸ்ரீ சித்திரை அதற்கும் தோள் கொடுத்தது.

கணக்கு தவறும் இந்த இடத்தில்தான் மாநில எல்லையும் வருகிறது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது. அது கேரளத்தில் நின்றது. அந்த அரசியலைக் கிளற நான் வரவில்லை. அதன் பின்விளைவு ஒன்றை மட்டும் பாருங்கள். பாறசாலைக்காரர் ஒருவருக்குக் கால் முறிந்தால் திருவனந்தபுரம் போவார், அல்லது குழித்துறை, நாகர்கோவில், ஆசாரிப்பள்ளம் போவார். கம்பி வைப்பது ஓரிடம், கழற்றுவது வேறிடம். ஒரு சீட்டு மலையாளத்தில், மற்றொன்று தமிழில். கழற்றிய கம்பி எங்கே போகிறது? குப்பைக்கு. அதன் வரிசை எண் யாரிடம் இருக்கிறது? இந்தக் கேள்வியை இரு பக்கத்து எலும்பு மருத்துவர்களிடமும் நீங்கள் கேட்கவேண்டும். அவர்களில் சிலர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள், வசதியாக.

இரண்டாவது, கணினி ஓவியம். அதைப் பற்றிச் சொல்ல வரும்போது எல்லோரும் 1965இன் ஸ்டுட்கார்ட்டிலும் நியூயார்க்கிலும் தொடங்குவார்கள். கியார்க் நேஸ், மைக்கேல் நால் ஆகியோரின் கண்காட்சிகள் அவை, மறுப்பில்லை. ஆனால் தாம்பரத்தை விட்டுவிடாதீர்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். சில குறிகள், சில மாற்று விதிகள்; அவற்றைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் ஒரே கோலம் வேண்டிய அளவுக்கு வளரும். எந்தக் கோலம் எந்த வகை இலக்கணத்துக்குள் அடங்கும் என்று பிரித்தார்கள். செடிகொடிகளின் வளர்ச்சியைக் கணினியில் வரையும் ஆய்வுகளும் பிற்பாடு இந்தக் கோலங்களை எடுத்தாண்டன. அன்றாடம் காலடியில் அழிந்துபோவதை, மறுநாள் கூட்டிப் பெருக்கித் தள்ளுவதை, அவர்கள் விதியாகச் சேமித்தார்கள் என்பதே எனக்கு வியப்பு. படத்தைச் சேமிப்பது வேறு. ஆண்டி வார்ஹோல் 1985இல் அமிகா கணினியில் வரைந்தவை பிளாப்பிகளில் கிடந்து, கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கணினி மன்றத்தாரின் உழைப்பால் 2014இல் மீண்டன. அத்தனை பெரிய பெயருக்கே அந்தக் கதி. உங்கள் ஊர் பிளக்ஸ் கடையில் முதன்முதலில் வரைந்தவரின் கோப்புகளைத் தேடிப் போக யாரிருக்கிறார்கள்? நம் மாணவர் யாராவது போகட்டும்.

மூன்றாவது, விளம்பரம். ஸ்டான்போர்டின் ராபர்ட் ஜேக்லர் காது அறுவை மருத்துவர். தம் மனைவியோடு சேர்ந்து பழைய சிகரெட் விளம்பரங்களைத் திரட்டத் தொடங்கியவர். 2015இல் ஜூல் இ-சிகரெட் சந்தைக்கு வந்தபோது, அந்தப் பழைய விளம்பரங்களின் மணம் புதிதில் அடிப்பதை அவர் குழுவால் உடனே கண்டுகொள்ள முடிந்தது. 2018 நவம்பரில் அந்த நிறுவனம் தன் இன்ஸ்டாகிராம், பேஸ்புக் பக்கங்களை மூடியது. அதற்குள் அந்தப் பதிவுகளை ஆய்வாளர்கள் சேர்த்து வைத்திருந்தார்கள். 2019 தொடக்கத்தில் அவர்கள் அறிக்கை வந்தது.

நம்மிடம் அப்படி ஒரு சேகரம் இல்லை. தமிழ்நாட்டில் 2018இலும், நாடு முழுவதும் 2019 செப்டம்பர் அவசரச் சட்டத்தாலும் இ-சிகரெட் தடை செய்யப்பட்டது. விற்பனை மட்டுமல்ல, விளம்பரமும் குற்றம்: முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தடை நல்லதே. ஆனால் தடையால் விளம்பரம் சுவரிலிருந்து கைப்பேசிக்குள் போய்விட்டது. இன்று பார்த்த ரீல்ஸ் நாளை இராது. முறுக்கான் கடைத் தகரத்தில் ஒட்டிய பீடி விளம்பரத்தையாவது துருப்பிடிக்கும்வரை பார்க்கலாம். அதனால் கைப்பேசித் திரையைப் படம் எடுத்து வையுங்கள், நாளும் இடமும் குறியுங்கள். ஓர் எச்சரிக்கை: சரக்கைச் சேர்த்து வைப்பதும் அதே சட்டத்தில் குற்றம், ஆறு மாதச் சிறை வரை போகும். கருவியை ஆதாரமாக அரங்குக்குக் கொண்டுவரத் திட்டமிட்ட மாணவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம், படம் போதும்.

கலைவதற்கு முன் இந்த அவை இரண்டு வேலைகளை முடித்தால் நான் மகிழ்வேன். உடலில் கருவி வைத்த ஒவ்வொருவர் கையிலும் அதன் பெயரும் வரிசை எண்ணும் வைத்த நாளும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஓர் அட்டை இருக்கவேண்டும் என்று இரு மாநில மருத்துவமனைகளுக்கும் எழுதுவோம். காரக்கோணம், நெய்யூர் தொடங்கிப் பழைய மிஷன் மருத்துவமனைப் பதிவேடுகளில் எஞ்சியவை எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியலாவது எடுப்போம். கரையானுக்கு மாநில எல்லை தெரியாது.

முதல் கட்டுரை இடுப்பு மூட்டைப் பற்றியது. வாசிப்பவருக்கு இருபது நிமிடம், கேள்விக்குப் பத்து நிமிடம். மேடைக்கு வரலாம்.