டெல்லிக்குப் போய் வந்த கதை

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். சிவில்காரன் வந்தால் கான்கிரீட் பற்றித்தான் பேசுவான் என்று பின்வரிசையில் யாரோ சொல்வது காதில் விழுகிறது. சரி, கான்கிரீட்டிலேயே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு சிமெண்ட் ரோடு போட்டார்கள். இரண்டு மழையில் ஜல்லி பல்லைக் காட்டியது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அளவுப் புத்தகத்தின், அதாவது நம்ம எம்-புக்கின், நகல் கேட்டேன். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை. மேல்முறையீடு செய்தேன். அதற்கும் பதில் இல்லை. கடைசியில் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போனேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஆணையர் இரண்டு பக்கமும் கேட்டார், நகலைக் கொடு என்று உத்தரவு போட்டார். எம்-புக்கில் கனம் 15 செ.மீ. உடைந்த ஓரத்தில் நான் டேப் வைத்துப் பார்த்தது 9.

மாணவர்கள் கவனிக்கணும். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவுப்படி, அரசு வேலையை நேரில் பார்வையிடலாம், சான்றளித்த பொருள் மாதிரியும் எடுக்கலாம். இன்ஜினியருக்காகவே எழுதினது போல ஒரு பிரிவு! நாலு வருஷத்தில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. (பேராசிரியர்கள் மன்னிக்கணும்.)

ரோட்டைத் திரும்பப் போட்டார்கள். அதோடு மறந்திருப்பேன். 2019 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, இந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா மக்களவையில் வந்தது. 2005 சட்டத்தில் தகவல் ஆணையருக்கு 5 வருஷம் அல்லது 65 வயது வரை பதவி. சம்பளமும் சட்டத்திலேயே நிர்ணயம். இனி இரண்டையும், மாநில ஆணையர்களுக்கும் சேர்த்து, மத்திய அரசே முடிவு செய்யும் என்றது மசோதா. எனக்கு அந்த இரண்டு பக்கமும் கேட்ட ஆணையர்தான் ஞாபகம் வந்தார்.

சனிக்கிழமை இரவு நாலு பேர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினோம். ரிசர்வேஷன் இல்லாத பெட்டி. 33 மணி நேரம். நாக்பூர் வரை நான் ஒரு அரிசி மூட்டை மேல்தான் உட்கார்ந்து போனேன். ஆபீஸில் நாலு நாள் லீவு கேட்டபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தேன். வழியெல்லாம் அதுதான் உறுத்தியது.

திங்கட்கிழமை காலை டெல்லி. ஜந்தர் மந்தரில் கூட்டம் பெரிதில்லை, வெயில்தான் பெரிது. பக்கத்தில் ராஜஸ்தான் கிராமத்து அம்மா ஒருவர். 1996ல் பியாவரில் இந்த உரிமை கேட்டு 40 நாள் தர்ணா நடந்ததே, அதில் உட்கார்ந்தவராம். எனக்கு இந்தி அரைகுறை. அவர் கொடுத்த வெல்லத்தைத் தின்றுகொண்டே தலையாட்டினேன். அன்றைக்கே மக்களவையில் மசோதா நிறைவேறிவிட்டது.

மிச்சம் மாநிலங்களவை. மறுநாளும் அதற்கு மறுநாளும் நம்ம பக்கத்து உறுப்பினர்கள் வீட்டுக்கு மனுவோடு அலைந்தோம். ஒருவர் ஊரில் இல்லை. இன்னொருவரின் உதவியாளர் மனுவை வாங்கி மேஜை டிராயரில் போட்டார். மூன்றாமவர் உள்ளே கூப்பிட்டு காப்பி கொடுத்தார். "ஆணையர் சம்பளத்தை யார் முடிவு பண்ணா உங்களுக்கு என்னப்பா?" என்றார்.

"சார், சைட் இன்ஜினியரோட சம்பளமும் வேலை நீட்டிப்பும் காண்ட்ராக்டர் கையில இருந்தா, அவர் பில்லை எப்படி செக் பண்ணுவார்?" என்றேன்.

சிரித்தார். மனுவின் பின்பக்கம் அதை எழுதிக்கொண்டார். ஆறு நிமிடம் இருக்கும்.

புதன் இரவு திரும்ப ரயில். 25ந்தேதி சாயங்காலம் வாரங்கல் நெருங்கும்போது போனில் செய்தி வந்தது. தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் 75க்கு 117 என்று தோற்றது, மசோதா நிறைவேறியது. நாலு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. அக்டோபரில் வந்த விதியில் ஆணையர் பதவிக்காலம் 3 வருஷம் ஆனது. நான் இப்போதும் வருஷத்துக்கு இரண்டு மூன்று மனு போடுகிறேன். எழுதத் தெரியாதவர்கள் இங்கே இருந்தால் சாப்பாட்டு இடைவேளையில் என்னைப் பிடியுங்கள், சொல்லித் தருகிறேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனிலிருந்து நேரே ஆபீஸ். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று மேனேஜர் அக்கறையாகக் கேட்டார். தாங்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். நாலு நாள் சம்பளம் பிடித்தார்கள். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"எனக்கு என்ன வியாதின்னு சொல்லியிருந்தே?"

"காய்ச்சல்மா."

"காய்ச்சலுக்கு யார்டா நாலு நாள் லீவு கொடுப்பா? கொஞ்சம் பெரிசாச் சொல்லக் கூடாதா?" என்றாள்.